ஏனுங் மாமா, ஆல்-இன் போட்டுறலாமுங்களா?

இந்த வாரம் போக்கர் டோர்னமென்ட் பற்றி மட்டும். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த வாரம் வரை மடக்கி வையுங்கள்.

காந்திபுரம் வாசகர்: டோர்னமென்ட்டின் கடைசிக் கட்டத்தில் ஆல்-இன் போட வேண்டிய நேரம் எது?

போடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தீர்களே, அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்.

அதே காந்திபுரம் வாசகர்: கொஞ்சம் விளக்கிச் சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?

கோபம் வேண்டாம் கண்ணு. உன் முன்னால் இருக்கும் சிப்பை பிக் பிளைண்டால் வகுத்துப் பார். 25-க்கு மேல் வந்தால் அவசரமில்லை. ஏற்றலாம், நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டை, அதாவது ஃப்ளாப்பை, பார்க்கலாம், அதிமேதாவி மாதிரி தாடையைத் தடவலாம்.

பத்து, பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டால் மிச்சம் இரண்டே வேலை. எல்லாவற்றையும் தள்ளு, இல்லையென்றால் மடக்கு. "கொஞ்சம் ஏத்திப் பார்ப்போம், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்கிறவர், முடிவை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறார்.

ஐந்துக்குக் கீழே போய்விட்டால் நீ தள்ளினாலும் யாரும் பயப்பட மாட்டார்கள். பொழுது போகவில்லை என்பதற்காகவே கால் பண்ணுவார்கள், அதாவது ஈடாக வைத்து மோதுவார்கள்.

கிணத்துக்கடவு வாசகர்: பிளைண்ட், பிளைண்ட் என்கிறீர்களே, அது என்ன?

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்ட வேண்டிய தொகை. முறை வைத்து எல்லோர் தலையிலும் விழும். கூடவே ஆன்டி என்று ஒரு உபரி. டோர்னமென்ட்டில் இது குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஏறும், இறங்கவே இறங்காது. சும்மா உட்கார்ந்தே ஜெயிக்க நினைப்பவர்களுக்காக யாரோ நல்ல மனசுக்காரர் கண்டுபிடித்தது.

சூலூர் வாசகர்: ‘எம்’ என்று ஒரு கணக்குச் சொல்கிறார்களே?

பால் மாக்ரீல் என்ற கணித ஆசிரியர் வைத்த கணக்கு. மனிதர் பேக்கேமன் ஆட்டத்தில் உலக சாம்பியன். அதைப் புத்தகத்தில் எழுதிப் பரப்பியவர் டான் ஹாரிங்டன், 1995-இன் உலக போக்கர் சாம்பியன். கையிருப்பை ஒரு சுற்றின் செலவால், அதாவது இரண்டு பிளைண்டும் ஆன்டியும் சேர்ந்த தொகையால், வகுத்தால் ‘எம்’. ஒரு கையும் ஆடாமல் இன்னும் எத்தனை சுற்று மூச்சு இருக்கும் என்று அது சொல்லும்.

இருபதும் அதற்கு மேலும் பச்சை. பத்துக்கு மேல் மஞ்சள். ஆறுக்கு மேல் ஆரஞ்சு. அதற்கும் கீழே சிவப்பு. மஞ்சள் விழுந்தால் வேகத்தைக் கூட்டு, சிவப்பு விழுந்தால் நிற்காமல் பாய்ந்துவிடு என்பது ஹாரிங்டன் வாக்கு. லட்சுமி மில் சிக்னலில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படாது.

ஆர்.எஸ்.புரம் ஆடிட்டர்: கையில் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் தள்ளுவது பைத்தியக்காரத்தனம் அல்லவா?

கணக்கு உங்கள் தொழில், நீங்களே சரிபாருங்கள். பிளைண்ட் 500, 1,000. ஆன்டி 1,000. ஆக நடுவில் கிடப்பது 2,500. உங்களிடம் 10,000. உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் மடக்கிவிட்டார்கள், நீங்கள் பட்டனில், அதாவது பிளைண்ட் கட்டிய இருவருக்குச் சற்று முன்னால், உட்கார்ந்து தள்ளுகிறீர்கள்.

பத்தில் ஏழு தடவை மீதி இருவரும் மடக்குகிறார்கள் என்று வைப்போம். 2,500 சும்மா வரவு. மூன்று தடவை பிக் பிளைண்ட்காரர் கால் பண்ணுகிறார். உங்கள் சீட்டு மட்டம், ஜெயிக்க 35 சதவீதம்தான் வாய்ப்பு. அப்போது நடுவில் 21,500 சேரும். அதில் 35 சதவீதம் 7,525. போட்டது 10,000, ஆக 2,475 நஷ்டம்.

0.7 × 2,500 = 1,750 வரவு. 0.3 × 2,475 = சுமார் 742 செலவு. ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் சராசரியாக ஆயிரம் சிப் லாபம். சீட்டு மட்டம், லாபம் சுத்தம். இப்படிப்பட்ட பேலன்ஸ் ஷீட்டை நீங்கள் இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று சத்தியம் பண்ணாதீர்கள்.

துடியலூர் வாசகர்: அப்படியென்றால் எதிராளி தள்ளும்போது நானும் அதே தைரியத்தோடு கால் பண்ணலாமா?

கூடாது. தள்ளுகிறவனுக்கு ஜெயிக்க இரண்டு வழி. எதிரே மடக்கினாலும் ஜெயிப்பான், சீட்டு திறந்தாலும் ஜெயிக்கலாம். கால் பண்ணுகிறவனுக்கு ஒரே வழி, சீட்டு திறந்துதான் ஆக வேண்டும். அதனால் தள்ளுவதற்குப் போதுமான கை, கால் பண்ணுவதற்குப் போதாது. டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதை விளக்கிப் புத்தகமே எழுதினார். படித்தவர்கள் தள்ளுகிறார்கள், படிக்காதவர்கள் “எனக்கென்னமோ அவன் பொய் சொல்றான்னு தோணுது” என்று கால் பண்ணுகிறார்கள்.

பல்லடம் வாசகர்: ஏஸ் ஜோடி வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தால் என்ன?

221 கைக்கு ஒருமுறை வரும். மணிக்கு முப்பது கை ஆடினால் ஏழு மணி நேரத்துக்கும் மேல். உங்களிடம் பத்து பிக் பிளைண்ட், ஒன்பது பேர் மேசை, ஒரு சுற்றுக்கு இரண்டரை பிளைண்ட் செலவு என்றால் ஆயுள் நாலு சுற்று, 36 கை. அதற்குள் ஏஸ் ஜோடி வர வாய்ப்பு 15 சதவீதம். அதுவும் பிளைண்ட் ஏறவில்லை என்றால்.

மீதி 85 சதவீதத்தில் நீங்கள் பொறுமைசாலி என்ற நல்ல பெயரோடு எழுந்து போவீர்கள்.

உடுமலை வாசகர்: ஏஸும் ராஜாவும் சேர்ந்து வந்தால் ராஜயோகம்தானே?

இரண்டு பேரும் பெரிய இடத்துப் பிள்ளைகள், ஆனால் ஜோடி சேரவில்லை. எதிரே ராணி ஜோடி இருந்தால் உங்களுக்கு 45 சதவீதத்தை ஒட்டித்தான். வெறும் ரெண்டாம் நம்பர் ஜோடி உட்கார்ந்திருந்தாலே பாதிக்குப் பாதி. நீங்கள் முதலில் தள்ளினால் அருமையான கை. அடுத்தவர் தள்ளியதற்குக் கால் பண்ணும்போது, ஜாதகம் பார்க்க வேண்டிய கை.

பேரூர் வாசகர்: ஏழு-ரெண்டு, வேறு வேறு ஜாதி. தொடவே கூடாதா?

ஆட்டத்திலேயே மட்டமான கை அதுதான். ஆனாலும் ஏஸ்-ராஜாவோடு மோதினால் மூன்றில் ஒருமுறை ஜெயித்துவிடும். ஏஸ்-ராஜாக்காரர் அந்த ஒருமுறையை ஏழு வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார்.

பொள்ளாச்சி வாசகர்: கடைசி மூன்று பேரில் வந்துவிட்டேன். ஒருத்தன் ஆல்-இன் போடுகிறான், எனக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கால் பண்ணலாமா?

உங்கள் ஊர் வழக்கப்படி பரிசைத் தேங்காயில் வைப்போம். முதல் பரிசு 50 காய், இரண்டாவது 30, மூன்றாவது 20. மூவரிடமும் சம அளவு சிப். இப்போது உங்கள் இடத்தின் மதிப்பு மொத்தம் நூறில் மூன்றில் ஒரு பங்கு, 33.33 காய்.

கால் பண்ணித் தோற்றால் 20 காயோடு வீட்டுக்கு. நட்டம் 13.33. ஜெயித்தால் மூன்றில் இரண்டு பங்கு சிப் உங்களிடம். இரண்டு பேர் மட்டும் மிச்சம். அப்போது உங்கள் மதிப்பு 43.33 காய். லாபம் பத்தே பத்து. சிப் இரட்டிப்பானது, தேங்காய் இரட்டிப்பாகவில்லை.

போக்கர்காரர்கள் இதை ஐசிஎம் என்பார்கள். கணக்கு போட்டால் கால் பண்ணுவதற்கு 57 சதவீத வாய்ப்பாவது வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் மடக்குங்கள். அவன் சிரித்தால் சிரிக்கட்டும், காய் உங்களிடம் இருக்கிறது.

அதே பொள்ளாச்சி வாசகர்: இரண்டே பேர் மிச்சம் என்றால்?

பயத்தைக் கழற்றி வையுங்கள். இரண்டாம் பரிசு இருவருக்குமே உறுதி. மிச்சமிருக்கும் இருபது காய்க்குத்தான் சண்டை. இனி ஒவ்வொரு சிப்புக்கும் ஒரே மதிப்பு. பத்து பிளைண்ட் அளவில், சின்ன பிளைண்ட்காரர் பாதிக்கும் மேற்பட்ட கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளலாம் என்று கணிதம் அனுமதிக்கிறது.

ஈரோடு கல்லூரி மாணவர்: கணிதம் அனுமதிக்கிறது என்றால் எந்தக் கணிதம்?

ராமானுஜன் பிறந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! ஜான் நாஷ் 1950-இல் பிரின்ஸ்டனில் கொடுத்த ஆய்வேட்டில், மூன்று பேர் ஆடும் எளிய போக்கரை எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிறார். எதிராளி தன் முடிவை மாற்றாதவரை, நீ மட்டும் உன் முடிவை மாற்றி லாபம் பார்க்க முடியாத நிலைக்குத்தான் நாஷ் சமநிலை என்று பெயர். அதன்படி எந்தக் கையை எத்தனை பிளைண்டில் தள்ளலாம் என்று அட்டவணையே போட்டு வைத்திருக்கிறார்கள். 169 வகைக் கை, ஒரே ஒரு தாள். செமஸ்டர் பாடத்தைவிடச் சின்னது.

பின்னால் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். உனக்கு அரியர்.

பீளமேடு வாசகர்: நல்ல கை வந்தும் மடக்க வேண்டிய சந்தர்ப்பம் உண்டா?

உண்டு. சாட்டிலைட் டோர்னமென்ட். பரிசு பணமில்லை, பெரிய போட்டிக்கு நுழைவுச் சீட்டு. பத்துச் சீட்டு, பதினோரு பேர் மிச்சம். உங்களிடம் சிப் குவிந்திருக்கிறது, மூலையில் ஒருவர் ஒற்றை பிளைண்டோடு முனகிக்கொண்டிருக்கிறார். சம பலமுள்ள எதிராளி ஆல்-இன் போடுகிறார். உங்கள் கையில் ஏஸ் ஜோடி.

மடக்குங்கள். முதலில் வந்தாலும் பத்தாவது வந்தாலும் அதே சீட்டுதான். அந்த வேதனையைத் தாங்க முடியாதவர்கள் வேடிக்கை பார்க்கப் போகலாம்.

கவுண்டம்பாளையம் வாசகர்: சிப் நிறைய இருந்தால் யாரை அடிப்பது?

நடுத்தர வர்க்கத்தை. ஒன்றுமில்லாதவன் எதற்கும் துணிவான், பெரிய ஆள் திருப்பி அடிப்பான். இழக்கக் கொஞ்சம் வைத்திருப்பவன்தான் பரிசு வரிசையில் ஒரு படி ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவான். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நிரூபிக்கப்பட்ட உத்தி.

மேட்டுப்பாளையம் ஆசிரியை: தருமர் போட்டதும் ஆல்-இன்தானே?

தருமர் போட்டது விதிமீறல். போக்கரில் மேசைமேல் இருப்பதை மட்டும்தான் வைக்க முடியும். நடு ஆட்டத்தில் பையில் கைவிட்டு எடுக்கக்கூடாது. அவர் தம்பிகளை எடுத்தார். தன்னையே வைத்துத் தோற்று, ஆட்டத்தைவிட்டு வெளியேறிய பிறகு மனைவியை வைத்தார். எழுந்து போனவன் எப்படி சிப் வைக்கலாம் என்று பாஞ்சாலி சபையில் எழுப்பிய கேள்விக்கு பீஷ்மராலேயே பதில் சொல்ல முடியவில்லை.

எதிரே ஆடியது துரியோதனன்கூட இல்லை, அவனுக்காகச் சகுனி. நல்ல டோர்னமென்ட் டைரக்டர் ஒருவர் இருந்திருந்தால் பாரதம் சபா பர்வத்தோடு முடிந்திருக்கும்.

அவிநாசி தமிழாசிரியர்: திருவள்ளுவர் சூதைப் பற்றிச் சொன்னதை மறந்துவிட்டீரா?

மறப்பேனா! 93-ஆவது அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. வரிசை தெரிந்த மனிதர்.

கரூர் வாசகர்: எங்க பூலாம்வலசு சேவல்கட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சேவலுக்கு மடக்கும் உரிமை கிடையாது.

டவுன்ஹால் வாசகர்: லாட்டரியும் ஒருவகை ஆல்-இன்தானே?

இல்லை, லாட்டரியில் நிச்சயமாக ஜெயிப்பவர் ஒருவர் உண்டு, விற்கிறவர். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்தார்கள். 2024-இல் வெளியான தேர்தல் பத்திரப் பட்டியலில் முதலிடம் பிடித்த லாட்டரிக் கம்பெனி 1,368 கோடிக்கு வாங்கியிருந்தது. முகவரி நம்ம கோயமுத்தூர்.

சிங்காநல்லூர் வாசகர்: ஆன்லைனில் பணம் கட்டி ஆடலாமுங்களா?

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு விடவில்லை. நீதிபதி சந்துரு குழு, 2022-இல் மறுபடி ஒரு மசோதா, ஆளுநர் திருப்பியனுப்பினார், 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் நீதிமன்றம், சட்டம் செல்லும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியல் போட்டது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் ஆதார் கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டு என்று விதிமுறை.

இப்படி ஆளாளுக்கு ஏற்றிக்கொண்டே போனபோது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் ஆல்-இன் போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் நாடு முழுக்கத் தடை. நடத்துகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பெரிய பெரிய கம்பெனிகள் மடக்கிவிட்டன. எப்போது தள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

போத்தனூர் வாசகர்: நண்பர்களோடு புளியங்கொட்டை வைத்து ஆடினால்?

தாராளமாக ஆடுங்கள், சத்தம் போடாமல். க்ரீம் பன்னுக்கே ஜி.எஸ்.டி. பஞ்சாயத்து நடந்த ஊர் இது.

கோபி வாசகி: என் வீட்டுக்காரர் சீட்டாட கோவா கிளம்புறாருங்க. ‘திறமை விளையாட்டுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு’ங்கறாரு.

சொன்னது உண்மைதான் அம்மிணி. அது திறமை விளையாட்டு என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. அவருக்குத் திறமை இருப்பதாகச் சொல்லவில்லை.

குனியமுத்தூர் வாசகர்: வெறும் பொய்யாக ஆல்-இன் போட்டு உலகப் பட்டம் வாங்கியவர் உண்டா?

2003, லாஸ் வேகாஸ். இரண்டு பேர் மிச்சம். அக்கவுண்டன்ட் கிறிஸ் மணிமேக்கரிடம் ஒரு ராஜாவைத் தவிர ஒன்றுமில்லை. எதிர்பார்த்த சீட்டு எதுவும் விழவில்லை. கடைசிச் சீட்டும் ஏமாற்றியதும் எல்லாவற்றையும் தள்ளினார். எதிரே சாம் ஃபார்ஹாவிடம் ஒன்பதாம் நம்பர் ஜோடி, ஜெயிக்கிற கை. யோசித்தார், முறைத்தார், மடக்கினார்.

86 டாலர் ஆன்லைன் போட்டி வழியாக உள்ளே வந்தவர் 25 லட்சம் டாலரோடு போனார். அந்த வருஷம் மோதியவர்கள் 839 பேர், அடுத்த வருஷம் 2,576 பேர். மணிமேக்கர் என்பது குடும்பப் பெயர். நியூமராலஜி ஜோசியர்கள் தயவுசெய்து விலகி நிற்கவும்.

சுந்தராபுரம் வாசகர்: நம்ம பக்கத்து ஆள் யாராவது?

பெங்களூருவின் சந்தோஷ் சுவர்ணா, 2024 உலக சீரிஸில் இரண்டரை லட்சம் டாலர் நுழைவுக் கட்டணப் போட்டியை ஜெயித்து 54 லட்சம் டாலர் வாங்கினார். கோயமுத்தூர்க்காரர் யாரும் இதுவரை எனக்கு எழுதவில்லை. நுழைவுக் கட்டணத்தில் எத்தனை சதவீதம் குறைப்பார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

தாராபுரம் வாசகர்: ஒரே ஒரு சிப் மிச்சமிருந்தால் எழுந்துவிடலாமா?

உட்காருங்கள். 1982-இல் ஜாக் ஸ்ட்ராஸ் எல்லாம் தோற்று எழுந்தபோது நாப்கினுக்கு அடியில் ஒரு சிப் கிடந்ததாம். வாய்திறந்து ‘ஆல்-இன்’ என்று சொல்லாததால் அது அவருடையது என்று தீர்ப்பானதாம். அதை வைத்தே ஏறினாராம். சிப் கதை போக்கர் உலகம் சொல்வது, அந்த வருஷம் அவர் உலக சாம்பியன் ஆனது பதிவில் இருக்கிறது. மேசையைத் துடைப்பதற்கு முன் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

நாமக்கல் வாசகர்: எண்பது சதவீதம் வாய்ப்போடு தள்ளியும் தோற்கிறேன். விதியா?

பெருக்கல். எண்பது சதவீத வாய்ப்போடு நாலு தடவை ஆல்-இன் போய், நாலிலும் தப்பிக்க வாய்ப்பு 41 சதவீதம்தான். அதனால்தான் ஒருவரும் கால் பண்ணாத ஆல்-இன்னே உத்தமமான ஆல்-இன். முதலில் தள்ளு என்று இத்தனை நேரம் தொண்டை வறளக் கத்தியது எதற்காக?

சத்தியமங்கலம் வாசகர்: நான் மரியாதைக்காரன். ஆல்-இன்னை எப்படிச் சொல்வது?

“ஆல்-இன்னுங்க.” அதற்கு எதிராளி “வாங்க, வாங்க, நல்லா வாங்க” என்று வாய் நிறையக் கூப்பிட்டால் அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கிறது.

சோமனூர் வாசகர்: எல்லாம் சரியாகச் செய்தும் தோற்றுவிட்டால்?

எழுந்திருங்கள், நாற்காலியை உள்ளே தள்ளுங்கள், “நல்லா ஆடுனீங்க” என்று கை கொடுங்கள். உங்கள் ஏஸ் உடைந்த கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். இந்தப் பக்கத்துக்கு மட்டும் எழுதி அனுப்பாதீர்கள், தபால்காரர் வயசானவர்.